காகிதம் அலையட்டும்!



"இது இந்த ஆபீஸ் வேலை இல்லை, அடுத்த ஆபீசுக்குப் போ." தாராவியில் வாழும் நம்மவர்கள் இதை இந்தியிலும் கேட்டிருக்கிறார்கள், மராத்தியிலும் கேட்டிருக்கிறார்கள். ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நின்றவரைத் துரத்த எந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்தது? 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நேர்மாறாகச் சொல்கிறது. கேட்ட தகவல் வேறு இலாகாவில் இருந்தால், மனுவை வாங்கியவரே ஐந்து நாளுக்குள் அங்கே அனுப்பி, மனுதாரருக்கும் தெரிவிக்க வேண்டும். அலைய வேண்டியது காகிதம், தொழிலாளி அல்ல!

மனு இந்தியிலோ, ஆங்கிலத்திலோ, அந்த வட்டாரத்தின் ஆட்சிமொழியிலோ இருக்க வேண்டுமாம். மும்பையில் தமிழுக்கு இடமில்லை. அந்த வழக்கைப் பிறகு பேசுவோம். ஆனால் எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர உதவுவது பொதுத் தகவல் அலுவலரின் கடமை. "எதற்குக் கேட்கிறாய்?" என்று கேட்க அவருக்கு உரிமையே கிடையாது.

குடிசை மறுசீரமைப்புப் பட்டியலில் ஒருவர் பெயருக்கு எதிரே "தகுதியற்றவர்" என்று ஒரு சொல். பல்லாண்டு வியர்வைக்கு ஒரே சொல்லில் தீர்ப்பு! எந்த ஆதாரத்தைத் தள்ளினார்கள்? ஏன் தள்ளினார்கள்? பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்வது, இச்சட்டத்தின் 4-ஆவது பிரிவுப்படி, கேளாமலே செய்ய வேண்டிய கடமை. கேட்ட பின்பும் வாய் திறவாத அதிகாரியை என்னவென்று சொல்வது?

கெடு முப்பது நாள். உயிர், சுதந்திரம் பற்றியதானால் 48 மணி நேரம். கெடு தாண்டினால் நகலுக்குக் காசு வாங்கக் கூடாது. நியாயமான காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், மொத்தம் 25,000 ரூபாய் வரை அபராதம். மறுத்தது சரியென்று நிரூபிக்கும் பொறுப்பும் அவர் தலையில்தான். தகவல் ஆணையங்களோ அபராதம் போடக் கை நடுங்குகின்றன! ஏழைக்கு அபராதம் போட எந்த அலுவலகமும் இப்படி நடுங்கியதாக நாம் கண்டதில்லை.

இது டில்லி போட்ட பிச்சையா? 1990-களில் ராஜஸ்தானத்துக் கூலியாட்கள், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பில் திரண்டு, "எங்கள் கூலிக் கணக்கைக் காட்டு, மஸ்டர் ரோலைக் காட்டு" என்று கேட்டார்கள். 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். நம்மைப் போன்ற உழைப்பாளிகள் தொடங்கிய போரில் பிறந்த சட்டம் இது.

அதில்தான் இப்போது ஓட்டை போட்டிருக்கிறார்கள். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், "தனிநபர் விவரம்" என்ற சாக்கில் கதவடைக்க வழி செய்துவிட்டது. காண்டிராக்டர் விழுங்கிய கூலிப் பட்டியலும் தனிநபர் விவரமாம்! ஆனாலும் 8(2) பிரிவு இன்னும் உயிரோடிருக்கிறது: வெளியிடுவதால் வரும் பொதுநலன் பெரிதென்றால் தகவலைக் கொடுக்கலாம். மறுப்புக் கடிதம் வந்தால் கிழித்தெறியாதீர்கள். முப்பது நாளுக்குள், அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு எழுதுங்கள்.