சர்வதேசம் என்பது எந்த ஊர்?

'சர்வதேச' என்ற சொல்லை எண்ணற்ற செய்தித் தலைப்புகளில் இட்டவன் என்ற உரிமையில் இதனை எழுதுகிறேன். எங்கள் நாட்டில் வெளிநாட்டார் இருவர் மேடையில் அமர்ந்துவிட்டால் அது சர்வதேச மாநாடு ஆகிவிடும். அதைக் கண்டு சிரித்துவிட்டுப் போகலாம். உலகம் மதிக்கும் ஓர் அறிவியற் கூட்டம் அதே பெயருடன் உலாவும்போது அப்படிப் போய்விட முடியாது.

அமெரிக்க பௌதிகச் சங்கத்தின் பாய்ம இயக்கவியற் பிரிவு 1947 இல் தோன்றியது. நீர், காற்று, குருதி, எரிமலைக் குழம்பு என ஓடுகின்ற யாவற்றையும் ஆராய்வோர் ஆண்டுதோறும் நவம்பரில், அமெரிக்கரின் நன்றி நவிலல் திருநாளுக்கு முந்திய ஞாயிறு தொடங்கி மூன்று நாட்கள் அதன் பெயரால் கூடுகின்றனர். அண்மைக் காலங்களில் வருவோர் தொகை 3000 ஐத் தாண்டும். பொது அமர்வுகளில் புகழ்பெற்ற பேராசிரியருக்கும் ஆய்வு மாணவருக்கும் ஒரே அளவு நேரம், ஏறக்குறையப் பத்து நிமிடம். இந்தச் சமத்துவத்தை நான் மெச்சுகிறேன். 1983 முதல் பாய்மங்களின் அசைவைப் படம்பிடித்துக் காட்சிக்கும் வைக்கின்றனர். ஒரு துளி சிதறும் கணத்தையும் புகைச்சுருளொன்று குலையும் விதத்தையும் அங்கு கண்டவர்கள், ஓவியக் கூடங்களில்கூட இத்தகைய அழகு அரிது என்பர். அதில் மிகையில்லை.

கேள்வி வேறு. இம்மாநாடு கூடுவது எங்கே? சியாட்டில், பொஸ்டன், டென்வர், அட்லாண்டா, பீனிக்ஸ், இண்டியானாபொலிஸ், வாஷிங்டன், சோல்ட் லேக் சிற்றி, 2025 இல் ஹூஸ்டன். 2000 முதல் 2025 வரை ஒரு தடவையேனும் அது ஐக்கிய அமெரிக்காவின் எல்லையைத் தாண்டவில்லை. ஆகவே பத்து நிமிடச் சமத்துவம் மண்டபத்தின் உள்ளே மட்டும்தான். வாசலில் நிற்பவர் குடிவரவு அதிகாரி.

2022 இன் பிற்பகுதியில் இந்திய நகரங்கள் சிலவற்றில் அமெரிக்க வருகை விசாவுக்கான நேர்முகத்துக்கு ஒரு வருடத்திற்கும் மேலாகக் காத்திருக்க வேண்டியிருந்தது. கோடையில் ஆய்வுச்சுருக்கத்தை அனுப்பி நவம்பரில் பேசவேண்டிய மாணவன் என்ன செய்வான்? 2023 முதல் அந்த விசாவின் விண்ணப்பக் கட்டணம் 185 டொலர். மறுத்தாலும் திருப்பித் தரமாட்டார்கள். 2017 இல் ஏழு நாடுகளின் பிரசைகளுக்குக் கதவு சாத்தப்பட்டது. 2021 இல் திறந்தது. 2025 ஜூனில் பன்னிரண்டு நாடுகளுக்கு மீண்டும் சாத்தப்பட்டது. இரண்டு பட்டியல்களிலும் ஈரான் உண்டு. இத்துறையில் ஈரானியரின் உழைப்பு எத்தகையது என்பதை அறிய எந்த ஆய்விதழையும் புரட்டினால் போதும்.

"இது அமெரிக்கச் சங்கம், பெயரிலேயே இருக்கிறதே" என்பார்கள். சரி. ஆனால் உலகின் இளம் ஆய்வாளர் வேலை தேடுவதும், துணை தேடுவதும், தம் பெயரை நான்கு பேர் அறியச் செய்வதும் அங்கேதான். துறையின் சந்தையைத் தன் முற்றத்தில் வைத்திருப்பவன், இது என் வீட்டு முற்றம் என்று சொல்லித் தப்ப முடியாது. அந்தச் சந்தையின் சரக்கும் ஒரு நாட்டாருடையதன்று. பாய்மங்களின் நிலைப்பாடு பற்றி 1961 இல் வெளிவந்த பெருநூலை எழுதிய சுப்பிரமணியன் சந்திரசேகர், லாகூரில் பிறந்த தமிழர்.

எனக்கு ஆத்திரமூட்டுவது, இத்துறையின் முன்னோர் இதற்கு எப்போதோ விடை கண்டுவிட்டனர் என்பதே. முதலாம் உலகப் போர் முடிந்தபின் வெற்றிபெற்ற நாடுகள் 1919 இல் அமைத்த சர்வதேச ஆராய்ச்சிக் கவுன்சில் ஜேர்மனியை ஒதுக்கி வைத்தது. 1920 இல் ஸ்ட்ராஸ்பேர்க்கிலும் 1924 இல் ரொறன்ரோவிலும் கூடிய கணிதவியலாளரின் சர்வதேச மாநாடுகளில் ஜேர்மனியருக்கு இடமில்லை. அந்த நாட்களில்தான் ஜேர்மனியில் பேராசிரியராக இருந்த தியோடர் வொன் கார்மனும், போரில் எதிரணியில் நின்ற இத்தாலியின் லெவி-சிவிட்டாவும் பாய்மவியலாளரை 1922 இல் ஒஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் கூட்டினர். வெற்றிபெற்ற வல்லரசுகளின் அறிஞர் பெரும்பாலும் விலகியே நின்றனர். இருவரும் சளைக்கவில்லை. இரண்டு ஆண்டுகளில், போரில் நடுநிலை வகித்த நெதர்லாந்தின் டெல்ஃப்டில், கேம்பிரிட்ஜின் டெய்லரும் கோட்டிங்கனின் பிராண்டலும் ஒரே மாநாட்டில் இருந்தனர். அதன் வழிவந்த மாநாடு நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை இடம் மாறுகிறது. பனிப்போரின் நடுவே 1972 இல் மொஸ்கோவிலும், 2012 இல் பெய்ஜிங்கிலும், 2024 இல் தென்கொரியாவின் டேகுவிலும் கூடியது. அவர்களால் இயன்றது இவர்களால் ஏன் இயலாது?

இடம் மாற்றுவது செலவு என்றால் வேறு வழியும் தெரிந்ததே. பெருந்தொற்றின்போது 2020 இல் இதே மாநாடு முழுக்க முழுக்க இணையவழியே நடந்தது. எவரும் விசா கேட்கவில்லை. திரையில் பேசுவது தாழ்வாரத்தில் நின்று பேசுவதற்கு ஈடாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஈடாகாத ஒன்றுகூட இல்லாதவனிடம் அதைச் சொல்லலாகாது.

2025 நவம்பர் 25 ஆம் திகதி ஹூஸ்டன் மாநாடு முடிவுற்றது. அதே வாரத்தில் 'டித்வா' புயல் இலங்கையைத் தாக்கி, வெள்ளத்தாலும் மண்சரிவாலும் 600 இற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. 1978 இல் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியும் நவம்பர் 23 ஆம் திகதியே வந்தது. அவ்வாண்டின் நன்றி நவிலல் நாள் அது. மாநாடு புயலைத் தடுத்திருக்கும் என்று சொல்ல நான் பேதையல்லன். ஆனால் வெள்ளமும், காற்றும், மலையிலிருந்து இறங்கும் சேறும் இவர்களுடைய பாடப்பொருள்கள். அவற்றை வீட்டு வாசலில் காண்பவர்கள் அந்த மண்டபத்தில் இருந்தாக வேண்டும்.

மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது மாநாட்டை விசாத் தடை குறைந்த நாடொன்றுக்குக் கொண்டு செல்லட்டும். அமெரிக்காவில் கூடும் ஆண்டுகளில், விசா மறுக்கப்பட்டவர் தம் ஊரிலிருந்தே அதே பத்து நிமிடம் பேசுவதை, கருணையாக அல்லாமல், விதியாக எழுதி வைக்கட்டும். இரண்டில் ஒன்றுகூட முடியாதென்றால், அதனை அமெரிக்க மாநாடு என்றே நாம் எழுதுவோம்.