வக்கீலிடம் மறைத்த சீட்டு

தில்லி தீஸ் ஹசாரி நீதிமன்ற வளாகத்தில் வக்கீல்களின் அறைகள் புறாக்கூண்டுகளைப் போல வரிசையாக இருக்கும். அப்படி ஒரு கூண்டின் வாசலில், போன வருடம் ஒரு பிற்பகலில், ஓர் அக்காவோடு காத்திருந்தேன். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருடமாகத் தில்லியில் வீட்டு வேலை செய்பவர். எஜமானியம்மாளிடம் பேசும் அளவுக்கு ஹிந்தி உண்டு, வக்கீலிடம் பேசும் அளவுக்கு இல்லை. அதற்குத்தான் நான்.

அவருடைய பத்தொன்பது வயது மகனை ஒரு வெள்ளிக்கிழமை இரவு போலீசார் கொண்டுபோனார்கள். காணாமல் போன ஒரு செல்போன் பற்றி விசாரணையாம். ஞாயிறு காலை திருப்பி அனுப்பியபோது பையனின் இரண்டு பாதங்களும் வீங்கியிருந்தன. வழக்கு எதுவும் பதிவாகவில்லை.

எங்கள் முறை வந்த நேரத்தில் அக்கா பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் கையில் திணித்தார். "தம்பி, இத மட்டும் காட்டிடாதீங்க." அரசு மருத்துவமனையின் ஓ.பி. சீட்டு. 'படியிலிருந்து விழுந்ததால் காயம்' என்று டாக்டர் எழுதியிருந்தார். பயத்தில் அக்கா சொன்ன காரணம் அது.

உரிமை பறிபோனதென்று வக்கீலைத் தேடிப் போகிறவர்களில் பலர் கையில் இப்படி ஒரு சீட்டு இருக்கிறது. முதல் சந்திப்பில் அது வெளியே வருமா, வராதா என்பதில்தான் வழக்கின் பாதி இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளனுக்கு எதையும் விட்டுவிட உரிமையில்லை. ஆனால் சீட்டு அக்காவுடையது. "காட்டலாம்க்கா. அந்தப் பக்கத்து வக்கீல் எப்படியும் காட்டுவார்" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுத் தலையசைத்தார். உள்ளே வக்கீல் சீட்டைப் படித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "இதைச் சொன்னபோது பக்கத்தில் யார் நின்றது?" ஸ்டேஷனிலிருந்து கூடவே வந்த, சீருடை போடாத ஒரு ஆள் என்றார் அக்கா. "இதை முதலில் எழுதுங்கள்" என்றார் வக்கீல். மறைக்க நினைத்த பலவீனம், சொன்னதும் சாட்சியமானது.

வக்கீலிடம் சொல்வது வெளியே போய்விடுமோ என்ற பயம் தேவையில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியமின் 132வது பிரிவு, கட்சிக்காரர் தொழில்முறையில் சொன்னதை அவர் சம்மதமின்றி வக்கீல் வெளியிடக் கூடாது என்கிறது. இனிமேல் செய்யப்போகும் குற்றத்துக்கு யோசனை கேட்டால்தான் பாதுகாப்பு கிடையாது. குமாஸ்தாவையும் மொழிபெயர்ப்பாளரையும்கூட அந்தப் பிரிவு கட்டுகிறது. துணைக்கு வந்த அண்டைவீட்டாரை அது கட்டாது. எனவே கூட்டத்தை வெளியே உட்கார வையுங்கள்.

இன்னொன்றையும் அன்று கற்றுக்கொண்டேன். "புடிச்சிட்டுப் போனாங்க" என்று அக்கா சொன்னதை நான் 'கைது செய்தார்கள்' என்று ஹிந்தியில் மாற்றினேன். வக்கீல் கையை உயர்த்தி நிறுத்தினார். "கைது என்று யார் சொன்னது? அவர் சொன்ன வார்த்தையைச் சொல்லுங்கள்." காரணம் உண்டு. கைது என்றால் அரசியல் சட்டத்தின் 22வது பிரிவு குறுக்கே வரும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விரும்பிய வக்கீலைக் கலந்தாலோசிக்கவும் விட வேண்டும். டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னபடி, நேரமும் தேதியும் குறித்த கைதுக் குறிப்பில் சாட்சி ஒருவரின் கையெழுத்து வேண்டும். இதையெல்லாம் தவிர்க்கத்தான், "கைதே செய்யவில்லை, விசாரணைக்குத் தானாக வந்தான்" என்று போலீசார் சொல்வார்கள். அதை உடைப்பது சட்ட வார்த்தை அல்ல. எத்தனை பேர் வந்தார்கள், எந்த வண்டி, பையன் செருப்பு போட்டிருந்தானா, தெருவில் யார் பார்த்தார்கள் என்ற விவரங்கள்தான்.

ஆகவே வக்கீலிடம் போகுமுன் ஒரு நோட்டில் நடந்ததை வரிசையாக, தேதி, நேரத்தோடு, உங்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். 'மனித உரிமை மீறல்' என்று எழுத வேண்டாம், 'இரவு பத்தரை மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள்' என்று எழுதுங்கள். கண்ணால் பார்த்தது வேறு, மற்றவர் சொல்லிக் கேட்டது வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கினார்களா, முன்பு ஏதாவது வழக்கு இருந்ததா என்பதும் அதில் இருக்கட்டும்.

காகிதங்களில் நகலைக் கொடுங்கள், அசல் உங்களிடம் இருக்கட்டும். படமோ, குரல் பதிவோ இருந்தால் அது பதிவான செல்போனையே பத்திரமாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த பிரதியை நீதிமன்றத்தில் நிரூபிப்பது கடினம். காயம் ஆறிவிடும் என்பதால் முதலில் மருத்துவமனை, பிறகு வக்கீல். யார் அடித்தது என்பதை டாக்டரிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். காவல் நிலையங்களில் கண்காணிப்புக் கேமரா வேண்டும், பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு சேமிக்கும் வசதி வேண்டும் என்று 2020ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் பதிவைப் பாதுகாக்கக் கோரி உடனே கடிதம் கொடுக்க முடியுமா என்று வக்கீலைக் கேளுங்கள்.

சரி, அந்த வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தியாவில் வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது. அந்த இடைவெளியைக் கோர்ட் வாசல் தரகர்கள் நிரப்புகிறார்கள். அவர்களைத் தாண்டிப் போங்கள். 1976ல் ஜெயப்பிரகாஷ் நாராயண் தொடங்கிய பி.யு.சி.எல். போன்ற சிவில் உரிமை அமைப்புகள், பெண்கள் அமைப்புகள், தொழிற்சங்கங்கள் ஆகியவற்றிடம் இப்படிப்பட்ட வழக்கு நடத்துகிறவர் யார் என்று கேட்கலாம். பணமில்லை என்றால் 1987ம் வருடத்து சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12வது பிரிவு இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் போன்றோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தொலைபேசி எண் 15100.

முதல் சந்திப்பில் கேள்வி கேட்பது அவர் மட்டுமல்ல. இப்படி எத்தனை வழக்கு நடத்தியிருக்கிறீர்கள்? அரசுக்கோ, போலீசுக்கோ ஆஜராகிறீர்களா? என் வழக்கில் நீங்களே வருவீர்களா, ஜூனியரா? மொத்தக் கட்டணமா, வாய்தாவுக்கு இவ்வளவா? டைப்பிங், நகல், சீனியர் வக்கீல் செலவு தனியா? கேட்பதில் கூச்சம் வேண்டாம், கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்குங்கள். "நஷ்ட ஈட்டில் இத்தனை சதவீதம்" என்று பேரம் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள், பார் கவுன்சில் விதிகள் அதைத் தடை செய்கின்றன. வக்காலத்தைப் படித்துப் பார்த்து, படிக்கத் தெரியாவிட்டால் படிக்கச் சொல்லிக் கேட்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள். பின்னால் வக்கீலை மாற்ற நேர்ந்தால், கட்டண பாக்கிக்காக அவர் கோப்பைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்று 2000ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

எந்தக் கதவைத் தட்டுவது என்பதையும் அன்றே கேளுங்கள். மாஜிஸ்திரேட்டிடம் புகாரா, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவா, மனித உரிமை ஆணையமா? சம்பவம் நடந்து ஓராண்டு கடந்தால் ஆணையம் விசாரிக்க முடியாது. மாநில ஆணையத்தில் நிலுவையில் இருப்பதைத் தேசிய ஆணையம் எடுக்காது. அவசரப்பட்டு எல்லா இடத்துக்கும் தபால் அனுப்பியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இவ்வளவுக்கும் பயன் உண்டா? ஒரிசாவில் நீலாபதி பெஹரா என்ற தாயின் 22 வயது மகனை 1987 டிசம்பர் 1ல் போலீசார் கொண்டுபோனார்கள். மறுநாள் ரயில் பாதையில் உடல் கிடந்தது. தப்பி ஓடி ரயிலில் அடிபட்டான் என்றது அரசு. அந்தத் தாய் 1988 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதமே ரிட் மனுவானது. காயங்கள் ரயில் மோதியவை அல்ல என்பதற்கு மருத்துவச் சாட்சியம் கைகொடுத்தது. 1993 மார்ச்சில் ஒன்றரை லட்ச ரூபாய் இழப்பீடு தர அரசுக்கு உத்தரவானது. பணத்தால் மகன் திரும்பவில்லை. ஆனால் அரசு சொன்ன கதை பொய் என்று இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் எழுதி வைத்தது.

வெற்றி நிச்சயம் என்று எங்கள் வக்கீல் அன்று சொல்லவில்லை. "நாளையே பையனை மறுபடி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இந்த முறை உண்மையைச் சொல்லுங்கள். பிறகு அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்றார். நிச்சயம் ஜெயிக்கலாம் என்று சொல்லும் வக்கீலைவிட, நாளைக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லும் வக்கீல் மேல்.

வழக்கு இன்னும் நடக்கிறது. அந்த ஓ.பி. சீட்டின் நகல் கோப்பில் இருக்கிறது. அசலை அக்கா அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறார். "அத மறைச்சிருந்தா என்ன ஆயிருக்கும் தம்பி?" என்று போன வாரம் கேட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் அதை நீதிமன்றத்தில் உரக்கப் படித்திருப்பார். நம் வக்கீல் அப்போதுதான் முதல் முறையாகக் கேட்டிருப்பார்.