கமெராவா படம் எடுக்கிறது?

"இப்போது எல்லாவற்றையும் கமெராவே செய்துவிடுகிறது, பிறகு எதற்கு இவ்வளவு காசு?" கலியாணம் நிச்சயமான வீடுகளிலே, படம் எடுப்பவர் விலையைச் சொன்னதும் எழுகின்ற கேள்வி இது. யாழ்ப்பாணத்து வீடுகளிலும் கேட்டிருக்கிறேன். ரொறன்ரோவிலிருந்து வந்து ஊரில் திருமணம் நடத்துகின்ற உறவினரிடமும் கேட்டிருக்கிறேன். கேட்பவர்கள் தொழிலையும் அறியார், கமெராவையும் அறியார்.

பிலிம் காலத்துக் கணக்கை முதலிற் பார்ப்போம். 120 சுருளில் சதுரப் படங்கள் 12. 35 மில்லிமீற்றர் சுருளில் 36. தாலி கட்டும் வேளையிற் சுருள் முடிந்துவிட்டால் மானம் போய்விடும். ஆகையால், மணமகள் கூறை மாற்றச் சென்றிருக்கும் இடைவெளியில், பாதி மிஞ்சிய சுருளைக்கூடக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டுக்கொள்வார் அனுபவசாலி. ஒவ்வொரு படத்துக்கும் காசு என்பதனால், எதை எடுப்பது என்ற தெரிவு விரல் அழுத்துவதற்கு முன்பே நடந்துவிடும். மறுநாள் சுருள்களைக் கழுவக் கொடுத்ததும் பாரத்தில் பாதி இறங்கிவிடும்.

இன்றைய கதை வேறு. 2017 இல் வந்த சொனி ஏ9 செக்கனுக்கு 20 படங்களை ஓசையின்றி எடுத்தது. ஓமப் புகைக்கு நடுவிலும் மணமகளின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வித்தையை இன்றைய கமெராக்கள் கற்றுவிட்டன. நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே திருமணத்தில் மூவாயிரம், நாலாயிரம் படங்கள் குவிகின்றன. அறுகரிசி இடும் ஒரு கைக்குப் பத்துப் படம். ஒன்றில் மாப்பிள்ளை கண்ணை மூடியிருப்பார். இன்னொன்றில் பின்னால் நிற்கும் மாமா கொட்டாவி விடுவார். அவற்றுள் ஒன்றைத் தெரிவதும், நிறத்தையும் வெளிச்சத்தையும் சீர்செய்வதும், இரண்டு வன்தட்டுகளிற் பிரதி எடுத்து வைப்பதும் மண்டபத்தில் எவருடைய கண்ணிலும் படாத வேலைகள். அதற்குப் பல இரவுகள் போகின்றன. அந்த இரவுகளுக்குத்தான் எம்மவர் காசு கொடுக்க மறுக்கிறார்கள். மறுநாளே வாடிப்போகும் மணவறைப் பூக்களுக்கு இவர்கள் பேரம் பேசி நான் கண்டதில்லை.

கமெராவை நம்புவோருக்கு இன்னுமொன்று. 2018 இல் நிக்கோன் இசட்6, இசட்7, கனன் ஈஓஎஸ் ஆர் ஆகியன ஒரேயொரு மெமரி கார்ட் போடும் வசதியுடன் சந்தைக்கு வந்தன. அந்தக் கார்ட் பழுதானால் தாலிகட்டே போய்விடும். மறுபடி கட்டுங்கள் என்று மாப்பிள்ளையிடம் கேட்க முடியுமா? இரு நிறுவனங்களும் 2020 இல் வெளியிட்ட கமெராக்கள் சிலவற்றில் இரண்டு கார்ட்டுகளுக்கு இடம் வைத்தன. அதுவரை ஒற்றைக் கார்ட்டோடு திருமணத்துக்குப் போனவருடைய நெஞ்சிடியை விலையில் எவரும் சேர்க்கவில்லை.

"எடுத்த எல்லாவற்றையும் பென்டிரைவிற் போட்டுத் தாருங்கள்" என்பது அடுத்த கொடுமை. பத்திரிகை அலுவலகத்தில் ஆயுளைக் கழித்தவன் சொல்கிறேன்: நிருபரின் குறிப்புக் கொப்பியை அப்படியே அச்சிடும்படி எந்த வாசகரும் எம்மிடம் கேட்டதில்லை. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்தைவிட்டு நடந்த சனத்துள், கலியாண அல்பத்தை உடுப்புப் பையினுள் வைத்துச் சுமந்தவர்களைக் கண்டேன். ஐம்பது, அறுபது படங்கள். யார் யாருக்குப் பக்கத்தில் நின்றார் என்பதை அவர்கள் இன்றும் பார்க்காமலே சொல்வார்கள். நாலாயிரம் படங்களையும் ஒரு தடவையேனும் முழுமையாகப் பார்த்த தம்பதியரை நான் இன்னும் சந்திக்கவில்லை. இருந்தும், நல்லதாக இருநூறைத் தெரிந்து அல்பமாக்கிக் கொடுக்கின்ற படக்காரரிடம் இவர்கள் கேட்பது, "மிச்சப் படங்கள் எங்கே?"