கொலையாளி அகப்பட்ட பின்

சேதன் பகத்தின் ‘தி கேர்ள் இன் ரூம் 105’ (2018) நாவலில், டெல்லி ஐஐடியில் பயின்ற கேசவும் காஷ்மீரி முஸ்லிம் பெண்ணான ஸாராவும் காதலர்கள். குறுக்கே நிற்பது மதம். கேசவின் தந்தை ஆர்.எஸ்.எஸ். ஊழியர். ஸாரா விடுதி அறையில் கொலையுண்டதும் காவல்துறையின் கை முதலில் நீள்வது காவலாளியின் மீது. வெகுஜன நாவலொன்றில் இவ்வளவு உண்மை இடம்பெறுவது பாராட்டத்தக்கதே.

ஆனால் மர்மக் கதையின் இலக்கணம் ஒற்றைக் குற்றவாளியைக் கோருகிறது. அவன் அகப்பட்டதும் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. காதலை மறுத்த மதப்பகைமையும், எளியவனையே முதலில் பற்றும் அதிகாரமும் கூண்டில் ஏறுவதில்லை.

வெளியுலகிலோ அப்பகைமை சட்டமாகவே வளர்ந்தது. 2020 நவம்பரில் உத்தரப்பிரதேச அரசு கொணர்ந்த அவசரச் சட்டம், மதம் மாற விரும்புவோர் 60 நாட்களுக்கு முன்பே மாவட்ட நிர்வாகத்திடம் அறிவிக்க வேண்டும் என்றது; மதம் கடந்த காதலர்களைக் காவல் நிலையத்துக்கு இழுத்தது.

இத்தகைய நாவல்களைப் பொழுதுபோக்கு என ஒதுக்குவது எளிது. அவற்றை வாசிக்கும் இளைஞர்களை ஒதுக்க இயலாது. தோழர்களும் அவற்றை வாசிக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் ஆசிரியர் முடித்துவைத்த வழக்கை அந்த இளைஞர்களோடு அமர்ந்து மீண்டும் விசாரிக்க வேண்டும்.