மூன்று மொழி பேசும் காலிக் கல்

பள்ளிக்கூட விடுமுறை விட்டால் பிள்ளைகளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது, சகோதரிகளே. பூவரசங்குளத்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வவுனியா போய் கொழும்பு பஸ் ஏறுவோம். மிருகக்காட்சிச்சாலையும் காலிமுகத்திடலும் பார்த்தாயிற்று. இம்முறை எதைக் காட்டலாம்?"

கறுவாத்தோட்டத்து நூதனசாலைக்குக் கூட்டிப் போங்கள். அங்கே ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில் ஒரு கல் இருக்கிறது. உச்சியில் இரண்டு டிராகன்கள். அதைக் கப்பலில் கொண்டுவந்தவர் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே. 1371இல் யூனான் மாகாணத்து முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்தவர். வாப்பாவும் அப்பாவும் (வாப்பாவின் வாப்பா) ஹாஜியார்மார். 1405 முதல் 1433 வரை ஏழு கடற்பயணங்கள். முதல் பயணத்தில் மட்டும் 27,000 பேருக்கு மேல் சென்றார்கள். 1492இல் மூன்று கப்பலோடு புறப்பட்ட கொலம்பசைத்தான் நம் பிள்ளைகள் மனனம் செய்கிறார்கள்!

கல்லில் உள்ள திகதி 1409 பெப்ரவரி 15. சீன எழுத்து புத்தரைப் போற்றுகிறது. தமிழ் எழுத்து தெனவரை நாயினார் என்ற விஷ்ணுவைப் போற்றுகிறது. பாரசீக எழுத்து அல்லாஹ்வைப் புகழ்கிறது. பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, வாசனை எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியலும் உண்டு. சீனத்திலும் தமிழிலும் பட்டியல் ஏறத்தாழ ஒன்றுதான். பாரசீகப் பகுதி மிகவும் தேய்ந்துவிட்டது.

"முஸ்லிம் கொண்டுவந்த கல்லில் ஏன் உம்மா மற்றவர்களின் தெய்வங்கள்?" என்று பிள்ளை கேட்கும். மழுப்ப வேண்டாம். அந்தக் கல் பேசுவது செங் ஹேயின் ஈமானை அல்ல, யொங்லே பேரரசரின் செய்தியை. இந்தத் தீவின் துறைமுகங்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து, அவரவர் மொழியில் சீனாவிலேயே வெட்டி அனுப்பியிருக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளிடம் "நீங்கள் எந்த ஊர்?" என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. அவர்கள் இதைக் கண்ணால் பார்க்கட்டும்.

இனிப்பான பக்கத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள். இதே செங் ஹே அடுத்த இரண்டு வருடத்துக்குள் இங்கே போர் செய்து, அழகக்கோன் என்ற ஆட்சியாளரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். பேரரசர்தான் அவரை விடுவித்தார்.

நேரமும் காசும் இருந்தால் காலிக்கும் போகலாம். 1911இல் பொறியியலாளர் ஒருவர் இந்தக் கல்லைக் கண்டெடுத்தது அங்கேதான். ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்ததாம்! ஆனால் இன்று காணும் கோட்டை மதில்கள் செங் ஹே காலத்தவை அல்ல, போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிறகு கட்டியவை. தெனவரை என்பது மாத்தறைக்கு அப்பாலுள்ள தெவிநுவர. 1344இல் இப்னு பதூதா பார்த்து வியந்த பெரிய கோயில் அங்கிருந்தது. 1588இல் போர்த்துக்கேயர் இடித்துவிட்டார்கள்.

கைப்பிள்ளை உள்ளவர்கள் கொழும்போடு நிறுத்திக்கொள்வது நல்லது. மூத்த பிள்ளையிடம் ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்து, கல்லில் தெரிகிற தமிழ் எழுத்துக்களைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். பழைய எழுத்து, எல்லாம் பிடிபடாது. எத்தனை எழுத்துப் பிடிபட்டது என்று எனக்கும் எழுதுங்கள்.