மலிவு மின்சாரம் வீட்டின் ஓட்டையை அடைக்காது

இந்தக் குளிர்காலம் ஒஸ்லோவில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணி வர முதலே ஒரு கேள்வி வந்துவிடுகிறது. "நோர்கெஸ்பிரீஸ் எடுத்திட்டீங்களோ?"

2025 ஒக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிற அரசின் நிலையான மின்விலைதான் அது. வரியோடு ஒரு யூனிட் 50 ஓரெ, அதாவது அரைக் குரோனர். மாதம் 5000 யூனிட் வரை இந்த விலை. எடுத்தவர் 2026 டிசெம்பர் 31 வரை விட்டு விலக ஏலாது, பழைய மின்கட்டண உதவியும் அந்த வீட்டுக்கு வராது. 2021 மாரியிலும் அதற்குப் பிறகும் பில்லைத் திறக்கப் பயந்து வைத்திருந்த சனத்துக்கு இது பெரிய ஆறுதல். நானும் எடுத்திருக்கிறேன். எடுத்தது பிழை என்று சொல்ல வரவில்லை.

ஆனால் அந்தத் தேத்தண்ணிக் கதையில் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. உங்கட வீடு வருடத்துக்கு எத்தனை யூனிட் குடிக்கிறது? விலையைத் தசமப் புள்ளியோடு சொல்லுகிற ஆட்களிடம் இதைக் கேட்டால் மனைவியின் முகத்தைப் பார்க்கிறார்கள். அவரும் கையை விரிக்கிறார். இத்தனைக்கும் எல்லார் வீட்டிலும் இப்போது மணிக்கணக்கில் அளக்கும் மீற்றர்தான். எங்கட பகுதிக்கு மின்வலை வைத்திருக்கும் எல்வியாவின் பக்கத்தில் பாங்க் ஐடியால் உள்நுழைந்தால், நேற்றிரவு 7 மணிக்கு எவ்வளவு போனது என்பதுவரை கிடக்கிறது.

ஊரில் நாங்கள் காற்று வருவதற்காக வீடு கட்டினோம். யன்னலுக்கு மேலே ஒரு துவாரம், முன்கதவுக்கு நேரே பின்கதவு. இங்கே அதே காற்றைக் காசு கொடுத்துச் சூடாக்க வேண்டியிருக்கிறது. நோர்வே வீட்டு மின்பாவனையில் பாதிக்கு மேல் சூடாக்கலுக்கே போகிறது. அதனால் விளக்கை அணை, தொலைக்காட்சியை அணை என்று பிள்ளைகளைப் பேசிப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. கசிவு யன்னலில், கதவடியில், கூரையில்.

அதைக் கண்டுபிடிக்க நிபுணர் வரமுதல் ஒரு ஊதுபத்தி போதும். காற்றடிக்கிற குளிர்நாளில் அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கி விசிறியைப் போட்டுவிட்டு, பற்றவைத்த ஊதுபத்தியை யன்னல் விளிம்பிலும் பல்கணிக் கதவடியிலும் மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை நேரே எழும்பாமல் நடுங்கினால் அதுதான் இடம். என் வீட்டில் படுக்கையறை யன்னலின் கீழ் மூலையில் புகை கிடையாகவே ஓடியது. பில்தெமாவில் வாங்கிய றப்பர் பட்டியை ஒரு பின்னேரத்துக்குள் ஒட்டி முடித்தேன். அறையில் ஹீட்டரை ஒரு பாகை இறக்க முடிந்தது. ஒரு பாகை என்றால் சூடாக்கும் செலவில் சுமார் 5 வீதம் என்று இங்கே பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. காற்று வருகிறதென்று சுவரில் உள்ள வென்டிலுக்குள் பழந்துணியை அடைக்கிற பழக்கம் எங்களிடம் உண்டு. நானும் அடைத்தவன்தான். சோறு அவியும் ஆவி, உள்ளே காயும் உடுப்பு, ஐந்து பேரின் மூச்சு எல்லாம் போக வழியில்லாமல் யன்னல் மூலையில் கறுப்புப் பூஞ்சணமாக வந்து குந்திவிடும். மீன் பொரித்தால் யன்னலை ஐந்து, பத்து நிமிடம் அகலத் திறந்து மூடுங்கள். நாள் முழுக்க நீக்கலாய் விட்டால் சுவரும் தளமும் குளிர்ந்துபோகும்.

"அரைக் குரோனருக்கு மின்சாரம் வரேக்கை இதெல்லாம் ஏன் அண்ணை?" என்று ஒரு தம்பி கேட்டார். கேள்வியில் நியாயம் உண்டு. சுமார் 25,000 குரோனருக்கு ஒரு வெப்பப் பம்பி பூட்டி வருடம் 4000 யூனிட் மிச்சம் பிடித்தால், இந்த விலையில் 2000 குரோனர்தான் திரும்ப வரும். அதோடு வலைக்கட்டணத்தில் கொஞ்சம். முதல் மீள எட்டு, பத்து வருடம் எடுக்கலாம். இந்த நிலையான விலையில் எனக்குள்ள குறையும் இதுதான். பில்லை இறக்கியது, கூடவே வீட்டைத் திருத்தும் அவசரத்தையும் இறக்கிவிட்டது. இந்த விலை ஒப்பந்தம் 2026 டிசெம்பர் வரைக்கும்தான், யன்னல் முப்பது வருடம் நிற்கிற சாமான். எழுபதுகளின் இரட்டைக் கண்ணாடி யன்னலோடு ஒப்பிட்டால் இன்றைய மூன்று கண்ணாடி யன்னல் விடுகிற வெப்பம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

வலைக்கட்டணத்துக்கு நோர்கெஸ்பிரீஸ் காவல் இல்லை என்பதும் பலருக்குத் தெரியாது. 2022 ஜூலையில் இருந்து அதில் ஒரு பகுதி, மாதத்தில் மூன்று வெவ்வேறு நாட்களில் நீங்கள் ஆகக்கூடுதலாக இழுத்த மூன்று மணித்தியாலங்களின் சராசரியை வைத்துப் போடப்படுகிறது. கார் சார்ஜும், அவனும், உடுப்புத் தோய்ப்பும் ஒரே மணித்தியாலத்தில் ஓடினால் படி ஏறும். (பிள்ளையின் பிறந்தநாள் ஒருநாள்தானே, அது மூன்றில் ஒன்றாகத்தான் சேரும்.)

அந்தக் கட்டணத்துக்குள் யூனிட்டுக்கு ஒரு ஓரெ எனோவா என்ற அரச நிறுவனத்தின் நிதிக்குப் போகிறது. 2001இல் நிறுவப்பட்ட எனோவா, வீட்டுச் சுவருக்கு மேலதிக காப்புப் போடுவது போன்ற வேலைகளுக்கு மானியம் கொடுக்கிறது. விதிகள் அடிக்கடி மாறும், ஆகவே வேலை தொடங்க முதல் பார்க்கவேணும். காற்றிலிருந்து காற்றுக்கு இயங்கும் சாதாரண வெப்பப் பம்பிக்குக் கிடையாது. வருடா வருடம் 150, 200 குரோனர் கட்டுகிறோம். அதில் ஒரு சதமாவது திரும்ப எடுத்த தமிழ் வீடு என் பழக்கத்தில் ஒன்றே ஒன்று.

எங்களில் கனபேர் இருப்பது குரூருட்டாலன் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளில், ஐம்பதுகளில் இருந்து எழுபதுகள் வரை எழும்பியவை. அங்கே வெளிச்சுவரும் யன்னலும் தனியாள் தொடக்கூடியவை அல்ல, பொரெட்ஸ்லாக் என்ற வீட்டுக் கூட்டுறவுக்கு உரியவை. ஒஸ்லோவுக்குக் கொஞ்சம் வெளியே ஷெட்ஸ்மோகொர்செட்டில் மீரரெங்கா என்றொரு பொரெட்ஸ்லாக். அறுபதுகளின் கடைசியில் கட்டிய 7 கட்டடம், 168 வீடு. சுவர் பழுதானபோது சாதாரணமாகத் திருத்தத்தான் யோசித்தார்கள். பிறகு 2010, 2011இல் தடித்த காப்பு, மூன்று கண்ணாடி யன்னல், வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும் காற்றோட்டம் என்று முழுதாகச் செய்தார்கள். எனோவாவின் மானியமும் ஹுஸ்பாங்கன் என்ற அரச வீட்டு வங்கியின் கடனும் கைகொடுத்தன. சூடாக்கச் செலவான சக்தி பெருமளவு விழுந்தது. நம்முடையதைப் போன்ற கட்டடங்கள்தான் அவை.

இப்படியான பெரிய வேலை ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் சம்மதம் இல்லாமல் நடக்காது. நாங்கள் டுக்நாடுக்குப் போவோம். இலை கூட்டுவோம், ரோல்ஸும் பற்றீஸும் கொண்டுபோய் நோர்வேக்காரரிடம் நல்ல பெயரும் வாங்குவோம். கூட்டத்துக்கு மட்டும் போகமாட்டோம். மொழி வராது, வேலை, சிப்ட் என்று முதல் தலைமுறை சொல்லலாம். இங்கே படித்து, லோரன்ஸ்கூக்கில் வீடு வாங்கி, அலுவலகத்தில் நாள் முழுக்க கூட்டம் நடத்துகிற பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள்? அம்மா அப்பாவின் பொரெட்ஸ்லாக் கடிதத்தை ஒருமுறை வாசித்துப் பார்த்திருக்கிறார்களா?

இன்னொன்று, சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். எங்கட ஆட்களின் நிலக்கீழ் வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்களும் பெரும்பாலும் எங்கட ஆட்கள்தான். புதிதாக வந்த குடும்பம், படிக்க வந்த பிள்ளை. சீமெந்துத் தளம் பனிக்கட்டி போல் கிடக்கும். மின்சாரம் வாடகைக்கு இருப்பவர் செலவு, ஆகவே உரிமையாளருக்கு அவசரமில்லை. நானும் அப்படியொரு அறையில் இரண்டு மாரி ஜக்கெற்றோடு படுத்தவன். 2010 ஜூலை முதல் வீடு விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் ஏ முதல் ஜி வரையான எரிசக்தி முத்திரை இருக்கவேணும் என்பது சட்டம். கேட்பது வாடகைக்கு வருபவரின் உரிமை. கேட்டால் மரியாதைக் குறைவு என்று நாங்கள்தான் பழக்கி வைத்திருக்கிறோம்.

பொரெட்ஸ்லாக்கின் பொதுக்கூட்டங்கள் ஜூன் முடிவதற்குள் நடக்கவேண்டும், முன்மொழிவுகளை அதற்கு முதலே அனுப்பவேண்டும். நான் எங்கட நிர்வாகசபைக்கு அரைப் பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறேன். முழுக் கட்டடத்துக்கும் ஒரு எரிசக்தி ஆய்வு, அதற்கு என்ன மானியம் கிடைக்கும் என்று ஒரு பதில், அவ்வளவுதான் கேட்டது. எழுத்துப் பிழைகளை மகள் திருத்தித் தந்தாள். எங்கள் படிக்கட்டில் மூன்று தமிழ் வீடு. இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாமவருக்கு அன்றிரவு வேலை, ஆளை மாற்றிப் பார்க்கிறேன் என்றார்.