பாலிக்பாயன்: வேர் தேடி வருவோர்

ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் காலத்தில் வெளிநாடுவாழ் பிலிப்பினோக்கள் பெருந்திரளாகத் தாயகம் திரும்புகின்றனர். அவர்களுக்கு அந்நாட்டில் 'பாலிக்பாயன்' என்று பெயர். 'பாலிக்' என்றால் திரும்புதல். 'பாயன்' என்றால் ஊர், நாடு. அவர்களுள் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த இளைஞர்களும் உண்டு. பாட்டியின் கிராமத்தைக் காணவும், மொழியைக் கற்கவும், முன்னோரின் கலைகளை அறியவும் அவர்கள் விரும்புகின்றனர். வரவேற்கத்தக்க வேட்கைதான். ஆனால், பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கொரு கேள்வி எழுகிறது: அவர்கள் தேடிவரும் பண்பாட்டை அங்கேயே இருந்து காப்பவர் யார்? அதற்கான செலவை ஏற்பவர் யார்?

இந்தப் பிரிவின் வரலாறு நீண்டது. ஸ்பெயினின் ஆட்சியில் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் இருந்த அத்தீவுகள், 1898-இல் அமெரிக்காவின் கைக்கு மாறின. 1906-இல் ஹவாய் கரும்புத் தோட்டங்களுக்கு முதல் குழுவாக 15 தொழிலாளர்கள் சென்றனர். பின்னர் ஆயிரக்கணக்கானோர் தொடர்ந்தனர். 1934-இல் பிலிப்பின்ஸுக்கு விடுதலை அளிக்க வகைசெய்த அமெரிக்கச் சட்டமே, அங்கிருந்து குடியேறுவோரின் எண்ணிக்கையை ஆண்டுக்கு 50 என்று சுருக்கியது. 1965-இல் குடியேற்றச் சட்டம் தளர்த்தப்பட்டதும் செவிலியரும் மருத்துவரும் சென்றனர். பிள்ளைகள் ஆங்கிலத்தில் பின்தங்கிவிடக் கூடாது என்று பெற்றோர் பலர் வீட்டில் தாய்மொழியைத் தவிர்த்தனர். அன்று விடுபட்டதைத்தான் இன்றைய தலைமுறை தேடுகிறது.

இந்தத் தேடலை அரசு எப்படிக் கையாண்டது? ராணுவச் சட்டத்தின் துணையுடன் ஆண்ட ஃபெர்டினாண்ட் மார்கோஸ், 1973-இல் பாலிக்பாயன் திட்டத்தைத் தொடங்கினார். அந்நியச் செலாவணியும் ஆட்சிக்கு நற்பெயரும் அதன் நோக்கங்கள். மறு ஆண்டே, 1974-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பின் வழியாக, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவது அரசின் கொள்கையாயிற்று. முன்வாசலில் உறவினரை விருந்துக்கு அழைத்துவிட்டு, பின்வாசல் வழியே வீட்டுப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிய கதை இது. 2024-இல் வெளிநாடுவாழ் பிலிப்பினோக்கள் அனுப்பிய ரொக்கம் 3,400 கோடி டாலருக்கும் அதிகம். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 7.5 விழுக்காடு.

இதன் மறுபக்கத்தை இஃபுகாவ் மலைகளில் காணலாம். அங்குள்ள படிக்கட்டு நெல்வயல்களை 1995-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. ஆறே ஆண்டுகளில், 2001-இல், அவை ஆபத்துப் பட்டியலில் சேர்ந்தன, 2012-இல்தான் மீண்டன. பிழைப்பைத் தேடி இளைஞர்கள் வெளியேறியதால், சுவர்களைச் செப்பனிடவும் வாய்க்கால்களைத் தூர்வாரவும் கைகள் குறைந்தது முக்கியக் காரணம். விதைப்பிலும் அறுவடையிலும் பாடப்படும் 'ஹுட்ஹுட்' என்ற கதைப்பாடல் மரபும் அந்த வயலோடு பிணைந்தது. உழவு நின்றால் பாட்டும் நிற்கும்.

வருகையாளரின் பணம் பண்பாட்டைக் கெடுத்தே தீரும் என்பதில்லை. கலிங்கா மாகாணத்தின் புஸ்கலான் கிராமத்தைச் சேர்ந்த வாங்-ஓட், முள்ளால் பச்சை குத்தும் மரபுக் கலைஞர். 2023-இல், தமது 106-ஆம் வயதில், வோக் இதழின் பிலிப்பின்ஸ் பதிப்பு அட்டையில் இடம்பெற்றார். அவரைத் தேடி வருவோரால் ஊருக்கு வருமானம் கிடைக்கிறது. பேத்தி முறையினர் அக்கலையைக் கற்றுத் தொடர்கின்றனர். வருமானம் ஊரிலேயே தங்கி, இளையோருக்குத் தொழிலாக மாறும்போது மரபு பிழைக்கிறது என்பதே இதன் பாடம்.

சட்டத்திலும் குறை உண்டு. 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிறப்பால் பிலிப்பினோவாக இருந்து குடியுரிமை இழந்தவர் அதை மீண்டும் பெறலாம். ஆனால், அவருடைய பிள்ளைகளில் 18 வயதுக்கு உட்பட்ட, மணமாகாதவர்களுக்கு மட்டுமே அந்த உரிமை சேரும். வேர்களைப் பற்றிய கேள்வியோ பெரும்பாலும் அந்த வயதைக் கடந்த பிறகுதான் எழுகிறது. இந்தியா, குடியுரிமை வழங்காவிட்டாலும், கொள்ளுப்பேரன் தலைமுறை வரை வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் என்ற தகுதியை அளிக்கிறது. அத்தகைய ஏற்பாட்டை மணிலா பரிசீலிக்கலாம்.

மொழியிலும் கவனம் தேவை. நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் நாடு அது. ஹவாய்க்குச் சென்ற முன்னோரில் பெரும்பகுதியினர் இலோகானோ மொழியினர். அவர்களின் பேரப்பிள்ளைகள் மணிலாவில் தகலாக் கற்றுச் சென்றாலும், இலோகோஸ் கிராமத்துப் பாட்டியோடு அவருடைய மொழியில் உரையாட இயலாது. எனவே, வட்டார மொழிகளைக் கற்பிக்கும் பருவகால வகுப்புகளை மாகாணப் பல்கலைக்கழகங்கள் நடத்த வேண்டும். மலை வயல்களுக்கு வருவோரிடம் பெறும் கட்டணத்தில் உறுதியான ஒரு பங்கு, அவற்றைப் பேணும் உழவருக்குச் சேர வேண்டும்.

வேர் தேடி வருபவர் சில நாள்களில் திரும்பிவிடுவார். வேருக்கு நீர் ஊற்றுபவரோ அங்கேயே இருக்கிறார். அவர் ஊரைவிட்டு வெளியேறாமல் கண்ணியமாக வாழ வழி அமைந்தால்தான், அடுத்த தலைமுறை திரும்பி வருவதற்கும் ஓர் ஊர் இருக்கும்.